மேட்டில் சலசலக்கும் இன்ஜின்: பழைய டாட்ஜ் ராமில் நாக்கிங்கும் இழுவைக் குறைவும்

1994 முதல் 2001 வரை வந்த டாட்ஜ் ராம் 1500 பிக்கப்புகள் அமெரிக்காவில் இன்னும் நிறைய ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் இருப்பது 5.2 லிட்டர் அல்லது 5.9 லிட்டர் ‘மேக்னம்’ வி8 பெட்ரோல் இன்ஜின். இதைப் பழையதாக வாங்குகிறவர்கள் அடிக்கடி இரண்டு குறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள்ளிருந்து தகரச் சல்லடையில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம்; இதைத்தான் நாக்கிங் என்பார்கள். ஊருக்குள் சாதுவாக ஓடுகிற அதே வண்டி, ஹைவேயில் ஏறியதும் இழுக்க மறுக்கிறது.

பலர் இவற்றைத் தனித்தனி நோய்களாக எடுத்துக்கொள்கிறார்கள். சத்தத்துக்கு விலை கூடிய பெட்ரோல், இழுவைக்குப் புது பிளக், புது சென்சார் என்று பணம் கரைகிறது. இரண்டு குறைகளும் ஒரே வண்டியில் ஒரே காலத்தில் வந்திருந்தால், முதலில் இரண்டையும் சேர்த்து உண்டாக்கக்கூடிய ஒரே காரணத்தைத்தான் தேட வேண்டும். ராமில் அப்படி ஒரு காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நாக்கிங் என்பது என்ன

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் மேலே ஏறி அழுத்துகிறது. பிளக் பொறி விடுகிறது. கலவை முழுதும் ஒரே நொடியில் வெடிப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பொறி விழுந்த இடத்தில் தொடங்கும் தீ, சிலிண்டரின் மறுபக்கம் நோக்கிப் பரவிக்கொண்டே போகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு வினாடியில் 12,000 டிகிரி திரும்பிவிடும். எரிதல் 40 டிகிரி அளவுக்கு நீள்கிறது என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியில் 300-ல் ஒரு பங்கு. அதனால்தான் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி விடப்படுகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்று இறங்கியதும் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால் வண்டிக்கு நல்ல இழுவை கிடைக்கும்.

தீ இப்படிப் பரவி வரும்போது, இன்னும் எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவையின் நிலை என்ன? எரிந்த பகுதி விரிந்து இதை நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடேறுகிறது. தீ வந்து சேரும்வரை அது பொறுத்துக்கொண்டால் எல்லாம் நலம். பொறுக்காமல் தானாகவே பற்றிக்கொண்டால் மூலையில் இருந்தது முழுதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் எரிந்து, அழுத்த அலை ஒன்று சிலிண்டர் சுவருக்குச் சுவர் மோதி அதிர்கிறது. 5.9 மேக்னத்தின் சிலிண்டர் விட்டம் 101.6 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் அலை ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 6,000 முறை அதிரும். நம் காதில் ‘கிணிகிணி’ என்று விழுவது அந்த அதிர்வுதான். வால்வு தட்டுகிறது, ராடு தட்டுகிறது என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நாக்கிங்கில் இரும்பும் இரும்பும் மோதுவதில்லை, சத்தம் போடுவது எரிகிற வாயு.

எப்போதாவது ஒரு கணம் லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். மேடு முழுக்கத் தொடர்ந்து கேட்டால் அது வேறு விஷயம். பிஸ்டன் தலையையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் அவற்றைக் கடும் சூட்டிலிருந்து காக்கிறது. அழுத்த அலை அதைக் கலைத்துவிடும். நாளடைவில் பிஸ்டன் ஓரம் அரிக்கும், ரிங் உட்காரும் பள்ளங்களின் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

மூலையில் இருக்கும் கலவை தானாகப் பற்றுவதைத் தீர்மானிப்பவை நான்கு: சூடு, அழுத்தம், நேரம், எரிபொருளின் குணம். நாக்கிங்குக்கு யார் எந்தக் காரணம் சொன்னாலும் அது இந்த நான்கில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் சூடு. சிலிண்டருக்குள் கார்பன் படிந்திருந்தால் இடம் குறைந்து அழுத்தம் கூடும், கார்பனே கனன்று சூட்டையும் கூட்டும். பொறி சீக்கிரம் விழுந்தால் அழுத்தம் தப்பான வேளையில் ஏறும். பெட்ரோல் குறைவாகவும் காற்று மிகுதியாகவும் போனால், அதாவது கலவை ‘லீன்’ ஆனால், சிலிண்டரைக் குளிர்விக்கும் உபரி பெட்ரோல் இல்லாமல் போகும்.

எரிபொருளின் குணத்தைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். ஹெப்டேனின் மூலக்கூறு கிளையில்லாத நேர்ச் சங்கிலி, லேசான அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். எண் கூடினால் சக்தி கூடும் என்பது தவறான நம்பிக்கை. எண் கூடினால் பொறுமை கூடும், அவ்வளவுதான். மேக்னத்துக்குக் கம்பெனி சொன்னது 87. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருப்பது இரண்டு அளவுகளின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சொல்லப்படும் ரிசர்ச் ஆக்டேன் கணக்கில் அதே 87 ஏறத்தாழ 91 அல்லது 92 வரும். எண்ணைப் பார்த்து அமெரிக்க பெட்ரோல் மட்டம் என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலும் விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டரில் அழுத்தம் குறைவு, அங்கே அது தாக்குப்பிடிக்கும். அங்கே டேங்க் நிரப்பிக்கொண்டு அரிசோனாவின் தாழ்ந்த பாலைவனத்துக்கு இறங்கினால் சத்தம் கிளம்பும். அது வண்டியின் குற்றம் ஆகாது. அந்த டேங்க் தீர்ந்ததும் 87 போட்டுப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம்.

ஊருக்குள் சாது, ஹைவேயில் ஏன் இல்லை

ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு இன்டர்ஸ்டேட் 17-ல் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். வெயில், நீண்ட ஏற்றம், பின்னால் ஒரு டிரெய்லர். சும்மா நிற்கும்போது இன்ஜினுக்குச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் போதும். இந்த ஏற்றத்தில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதே அளவுக்குக் காற்றும் வேண்டும். எரிந்த புகையும் அதே வேகத்தில் வெளியேற வேண்டும். வழியில் எங்கே ஓர் இடம் குறுகியிருந்தாலும் ஊருக்குள் தெரியாது, இங்கே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. நிதானமாக ஓடும்போது, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு அது பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும். பம்ப் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் மூடி மறைத்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் சென்சாரைக் கேட்காமல் மனப்பாடக் கணக்கில் ஓடும். அப்போது மறைந்திருந்த குறை வெளியே வரும். ஆகவே வண்டி நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது பாதி உண்மைதான். சுமையோடு பார்க்காத சோதனையை நான் சோதனையாகவே கருதுவதில்லை.

இரண்டு குறைகளும் சந்திக்கும் இடம்

மேக்னம் இன்ஜினில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு பீப்பாய் போல உருண்ட ஓர் அலுமினிய வார்ப்பு. அதன் அடிப்பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பை ஓர் இரும்புத் தகடு போல்ட்டுகளால் மூடுகிறது, நடுவில் ஒரு கேஸ்கட். தகட்டுக்கு மேலே காற்று போகும் அறை. கீழே வால்வு லிஃப்டர்கள் ஆடும் பள்ளம், எப்போதும் இன்ஜின் ஆயில் தெறித்துக்கொண்டிருக்கும் இடம்.

சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகி ஆறும்போதும் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் வேறு வேறு அளவில் நகர்கின்றன. நடுவில் அகப்பட்ட கேஸ்கட் தேய்ந்து ஓரிடத்தில் கிழிகிறது. அதற்குப் பிறகு இன்டேக்கின் உறிஞ்சுவிசை கீழேயிருந்து ஆயில் ஆவியை இழுக்கத் தொடங்கிவிடும். கிரைஸ்லர் நிறுவனமே 2000-ல் இதைப் பற்றிப் பணிமனைகளுக்கு அறிவிப்பு அனுப்பியது. ஆகவே இது மூலைமுடுக்கு வதந்தி இல்லை.

இனி நடப்பதைக் கவனியுங்கள். ஆயிலின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள், எளிதில் பற்றும். கலவையில் அது சேரும்போது நீங்கள் 87 என்று காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் சிலிண்டருக்குள் அதைவிடக் குறைந்த தரத்தில்தான் எரிகிறது. எரிந்த ஆயில் கார்பனாகப் படிகிறது. எரிபொருளின் குணம் கெட்டது, அழுத்தம் கூடியது, சூடும் கூடியது. நான்கில் மூன்று ஒரே கிழிசலால் கெட்டுவிட்டன. சத்தம் வராமல் என்ன செய்யும்?

ஆயில் அங்கே நிற்பதில்லை. எரிந்ததும் எரியாததுமாகப் புகைக்குழாய் வழியே, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் மேற்பரப்பில் படிந்து அதை முடக்கும். எரியாமல் வந்தது உள்ளேயே எரிந்து அளவுக்கு மீறிச் சூடாக்கும். நாளடைவில் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகியோ உடைந்தோ வழியை அடைத்துக்கொள்கிறது. ஊருக்குள் வரும் கொஞ்சப் புகைக்கு அந்த வழி போதும். ஹைவே ஏற்றத்தில் போதாது. வெளியேற முடியாத சூடான புகை சிலிண்டரிலேயே மிஞ்சி அடுத்த கலவையைச் சூடாக்குகிறது, புதுக் காற்றுக்கும் இடமில்லை. வண்டி மூச்சு முட்டுகிறது.

இந்த ராம்களில் நாக் சென்சார் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சென்சார் உள்ள இன்ஜின்களில் நாக்கிங் தொடங்கியதும் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும். சத்தம் அடங்கும், இழுவை குறையும். ராமின் கம்ப்யூட்டருக்குக் காது இல்லை. கேட்க வேண்டியவர் ஓட்டுநர்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் மூடியைக் கழற்றி, காற்றை அளந்து விடும் த்ராட்டில் தகடுகளைக் கையால் திறந்துபிடித்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் தெரிவதுதான் அந்தத் தகடு. காய்ந்த கறுப்புப் படிவு பழைய இன்ஜினில் சகஜம். ஈரமாக, மினுமினுப்பாக, குட்டையாக ஆயில் தேங்கியிருந்தால் கேஸ்கட் மேல் பலத்த சந்தேகம் கொள்ளலாம். வண்டி வெளியே எங்கும் ஒழுகாமலே ஆயில் குடிக்கிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுப்படும்.

உறுதி செய்ய இரண்டாவது சோதனை. வால்வு கவரில் செருகியிருக்கும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வை எடுத்து அந்த ஓட்டையை அடையுங்கள். பிசிவிக்கு வரும் வாக்யூம் (உறிஞ்சுவிசை) குழாயையும் அடையுங்கள். மறுபக்கக் கவரில் காற்று வரும் வழியையும் அடையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்ஜினின் அடிப்பகுதியில் வாக்யூம் வர வேறு வழியே இல்லை, லேசாக வெளியே தள்ளினால் அது இயல்பு. உள்ளங்கையை இழுத்தால் இன்டேக் எங்கோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது என்று பொருள். பார்த்து முடித்ததும் அடைப்புகளை உடனே எடுத்துவிடுங்கள், அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கெடலாம்.

கன்வெர்ட்டரைப் பார்க்க ஒரு வாக்யூம் மீட்டர் போதும். இதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். விலை குறைவு, சொல்லும் சேதி அதிகம். கடல் மட்டத்துக்கு அருகில், சும்மா ஓடும் நல்ல இன்ஜின் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். உயரமான ஊர்களில் கொஞ்சம் குறையும். இப்போது 2,500 சுற்றுக்கு ஏற்றி அப்படியே பிடியுங்கள். முள் ஒரு முறை அசைந்து நிலைக்க வேண்டும். நிலைக்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேறவில்லை. இன்னும் நிச்சயம் வேண்டுமானால் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானி மாட்டலாம். 2,500 சுற்றில் 1.5 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் போனால் அடைப்பு இருக்கிறது.

பிளக்குகளைக் கழற்றுவது அடுத்தது. எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஆயில் பூசிய பிளக்குகள் முன்சொன்ன கதையை உறுதிப்படுத்தும். எல்லாம் வெளுத்துக் கிடந்தால் கலவை லீன் என்று நினைக்கலாம், பெட்ரோல் பக்கம் திரும்ப வேண்டும்.

கேஸ்கட் நன்றாக இருந்தால்

அப்போதும் இரண்டு குறைகளையும் சேர்த்து விளக்கும் காரணத்துக்கே முதலிடம். அடுத்து வருவது பெட்ரோல் அழுத்தம். பம்ப் தளர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ கலவை லீன் ஆகும், நாக்கிங்கும் வரும், இழுவையும் போகும். 1996-லிருந்து வந்த ராம்களில் அழுத்தம் 49 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்க வேண்டும். நின்ற இடத்தில் 49 காட்டுவதை நம்பி விட்டுவிடாதீர்கள். நீண்ட குழாயுள்ள மீட்டரை மாட்டி, அதை வெளியே முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, கூட ஒருவரை அமர்த்திக்கொண்டு மேடு ஏறுங்கள். பார்க்க வேண்டியவர் அவர், நீங்கள் சாலையைப் பாருங்கள். ஏற ஏற முள் சரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். பெட்ரோல் குழாய் சூடான பாகங்களில் உரசாதபடி கட்டிவைப்பது முக்கியம்.

மேக்னத்தில் இன்னொரு விசேஷம், பிளக் வயர்கள். இதன் பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், பொறியும் அடுத்தடுத்து. இரண்டின் வயர்களும் நெடுந்தூரம் ஒட்டிக்கொண்டு போனால் ஐந்துக்கான மின்னோட்டம் ஏழின் வயரிலும் தூண்டப்பட்டு, ஏழில் 90 டிகிரி முன்னதாகவே பொறி விழலாம். கலவையை அழுத்தும் வேலை பாதியில் இருக்கும்போதே தீப் பிடிக்கும். சத்தமும் வரும், இழுவையும் போகும். வயர்களைப் பிரித்து, ஒன்றையொன்று தொடாமல், கிளிப்புகளில் தள்ளித்தள்ளிப் பொருத்தினாலே சரியாகிவிடும் வண்டிகள் உண்டு.

பழைய பழக்கத்தில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் (பொறி விழும் நேரம்) குறைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த இன்ஜினில் பொறி எப்போது என்பதைக் கிராங்க் சென்சாரைக் கேட்டுக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் மாறுவது பெட்ரோல் தெளிப்பின் ஒத்திசைவுதான், டைமிங் மாறாது. அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

சூட்டைப் பொறுத்தவரை தெர்மோஸ்டாட், ஃபேன் கிளட்ச், கூலன்ட் அளவு மூன்றையும் பார்த்தால் போதும். 1996-க்குப் பிந்தைய வண்டி என்றால் டாஷ்போர்டுக்குக் கீழே, கம்ப்யூட்டரைப் படிப்பதற்காக உள்ள ஓபிடி-2 துளையில் ஒரு சாதாரண ஸ்கேனரை மாட்டி, ஓடும்போதே கூலன்ட் வெப்பநிலையையும் பெட்ரோல் திருத்த சதவீதத்தையும் படிக்கலாம். மேட்டில் திருத்தம் கூட்டல் பக்கம் எகிறினால் லீன் என்று அர்த்தம்.

வண்டியில் பழுதே இல்லாமல், ஓட்டும் முறையால் சத்தம் வருவதும் உண்டு. டிரெய்லரோடு, இன்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியரான ஓவர்டிரைவில் 1,800 சுற்றில் மேடு ஏற்றினால் எந்த இன்ஜினும் திணறும். ஓவர்டிரைவை நிறுத்தும் பட்டனை அழுத்தி, ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் பெரிய டயர் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

பிரீமியம் போட்டால் சத்தம் நிற்கிறதே என்று கேட்பவர்களுக்கு: நிற்கலாம். பம்ப் தளர்ந்து கலவை லீன் ஆகியிருக்கும் வண்டியில் அது எச்சரிக்கையை மட்டும் நிறுத்துகிறது, வால்வு வேகாமல் காப்பாற்றாது. ஆயில் குடிக்கும் வண்டியில் கன்வெர்ட்டர் அடைந்துகொண்டே போகும். ஊர் போய்ச் சேர ஒரு டேங்க் போடுங்கள், அதை வைத்தியமாக எண்ணாதீர்கள்.

கேஸ்கட் வேலை

இன்டேக் மேனிஃபோல்டு முழுவதையும் இறக்க வேண்டும். பொறுமையான ஆளுக்கு ஒரு வாரக்கடைசி பிடிக்கும். பழைய இரும்புத் தகட்டையே திரும்பப் போட்டால் அதே விரிவும் சுருக்கமும் மறுபடி கேஸ்கட்டைத் தின்னும். தடித்த அலுமினியத் தகடு வெளிச்சந்தையில் கிடைக்கிறது. மேலும் கீழும் ஒரே உலோகம் என்பதால் இரண்டும் சேர்ந்து நகரும். என் ஓட்டு அதற்குத்தான். போல்ட் நீளத்தைக் கவனியுங்கள். துளையின் அடியில் போல்ட் முட்டி நின்றுவிட்டால் இறுகியதாகத் தோன்றும், தகடு மட்டும் அழுந்தியிருக்காது. எப்படியும் மேனிஃபோல்டு வெளியே இருக்கிறது, பிசிவி வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்த அன்றே சத்தம் முழுதாக அடங்காமல் போகலாம். ஆயில் வருவது நின்றாலும் ஏற்கெனவே படிந்த கார்பன் உள்ளேதான் இருக்கிறது. இன்டேக் வழியே தெளிக்கும் கம்பஸ்ஷன் சேம்பர் கிளீனர் ஒன்றை, டப்பாவில் சொன்னபடி ஊறவைத்து, பிறகு ஹைவேயில் நன்றாக ஓட்டி எடுக்க வேண்டும். வெள்ளைப் புகை கொட்டும், அது வேலை செய்வதன் அடையாளம். அதற்குப் பிறகு புதுப் பிளக்குகள் போடுங்கள், அதற்கு முன்பே போட்டால் அவையும் அழுக்காகும்.

இழுவை மட்டும் திரும்பவில்லை என்றால் கேஸ்கட் மேல் பழி போடாமல் வாக்யூம் மீட்டரை மறுபடி மாட்டுங்கள். கிழிசலைத் தைத்தாலும் ஏற்கெனவே அடைத்த கன்வெர்ட்டர் தானாகத் திறக்காது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கேஸ்கட்டைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அதே ஆயிலில் கெடும், அதன் விலையோ கேஸ்கட்டைவிடப் பல மடங்கு.